நூற்றுப் பன்னிரண்டாம் ஆளின் அப்பா

பேராசிரியர் புகழேந்திக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது, எண்தான் நிற்கும். "அந்த முப்பத்தேழு ஏன் ரெண்டாவது தடவை வரலை?" என்று கேட்பார். ஆய்வில் முப்பத்தேழாம் எண்காரர் வீட்டில் சாவு விழுந்திருக்கும். அதைச் சொன்னால், "சாவை எந்தக் கட்டத்துல எழுதறது, காட்டுங்க பாப்போம்" என்பார். சுற்றி நிற்கும் மாணவப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்து மாட்டப்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இசைவாணி அவரிடம்தான் வந்து மாட்டினாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆப்டோமெட்ரி முதுகலை, இரண்டாம் வருடம். கண்ணைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற படிப்பு. திருவையாற்றுப் பக்கம் வாழைக்கொல்லையில் கூலிக்குப் போன குடும்பம். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அவள் அம்மா, "கண்ணு டாக்டருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுவாள், மேற்கொண்டு கேள்வி வரக்கூடாது என்று.

ஆய்வுக்கு அவள் எடுத்த பொருள் என்னவோ நல்ல பொருள். நெல்லுக்கு மேலுரமாக யூரியா போடலாமா, பொறுக்கலாமா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் அட்டை உண்டு. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும். காலையில் வயலில் இறங்கி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இலையின் நடுப்பாகத்தை அட்டைமேல் வைத்து எந்தப் பச்சையோடு சேருகிறது என்று பார்க்க வேண்டும். ஆண்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒழுங்காகப் பிரியாது. அவர்கள் கையில் இந்த அட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு குறுவைப் போகத்துக்குள் நூற்றைம்பது பேரைச் சோதித்து இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நூற்றுப் பதினோரு பேர் முடிந்தபோது நிறக்குறை உள்ளவர்கள் ஆறு பேர் தேறினார்கள், ஆறும் ஆண்கள். புகழேந்தி கோப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறு ஆம்பளை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒரு நாள் உக்காந்தா கிடைப்பானுங்க. இதுக்குப் பேரு ஆராய்ச்சியா மேடம்? உங்க ஊருல வாழைத்தார் எண்ணுவாங்கல்ல, அந்த மாதிரி எண்ணிட்டு வந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இசைவாணியும் சிரித்தாள். அதை நினைத்து அன்று பூராவும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருந்த ஒரு ஊரில், மீரா உசேன் உரக்கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அந்த வாரம் பரிசோதனை. நூற்றுப் பன்னிரண்டாவதாக வந்து உட்கார்ந்தவள் எழில்மொழி. இருபத்தொரு வயது, கும்பகோணத்தில் நர்சிங் படிக்கிறாள், விடுமுறையில் அப்பாவோடு வயலில் இறங்குகிறவள். புள்ளிப் படங்கள் உள்ள புத்தகத்தை இசைவாணி திருப்பினாள். வண்ணப் புள்ளிகளுக்குள் எழுபத்துநான்கு என்று எழுதியிருக்கும், நிறக்குறை உள்ளவர்களுக்கு அது இருபத்தொன்றாகத் தெரியும்.

"இருபத்தொண்ணு" என்றாள் எழில்மொழி.

இசைவாணி பக்கங்களை மாற்றி மாற்றி இரண்டு தடவை பார்த்தாள், சந்தேகமே இல்லை. பெண்களில் இருநூறு பேருக்கு ஒருத்தி கிடைப்பதே அரிது. விஷயத்தை மெதுவாகச் சொன்னதும் அந்தப் பெண் அழவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எங்கப்பாவுக்கும் இருக்குக்கா! ப்ளஸ் டூ விலங்கியல்ல வரும்ல, அஞ்சு மார்க் கேள்வி? பொண்ணுக்கு வரணும்னா அம்மா சுமந்து குடுத்தா மட்டும் பத்தாது, அப்பாவுக்கு இருந்தே ஆகணும். ஊருக்கெல்லாம் பச்சை பாத்துச் சொல்ற மனுசன்! இன்னிக்கு வீட்டுல இருக்கு அவருக்குக் கச்சேரி."

போனில் புகழேந்தி முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார். "வெரி குட், இசைவாணி. அப்பனைப் பிடிங்க. அப்பன் இல்லாட்டி அவ வெறும் நூத்திப் பன்னெண்டு. அப்பனும் சேந்தா அது பேப்பர். சென்னை மாநாட்டுல நீங்களே வாசிக்கலாம்."

அப்பன் மறுநாள் காலையில் தானாகவே வந்தார். பெயர் ரெத்தினம். ஐம்பது தாண்டிய ஆள். ஊரான் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த குடும்பம். இப்போது நாலு மா நிலம் சொந்தம், எட்டு மா குத்தகை. ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை நிலத்தால் வந்ததில்லை, கண்ணால் வந்தது. அட்டை புதிதாக வந்தபோது விவசாய அலுவலர் எதிரிலேயே, அட்டையைத் தொடாமல் இருபது இலையைப் பார்த்து இருபதுக்கும் எண் சொன்னவர். அன்றிலிருந்து ஊரில் மேலுரம் போடுவதற்கு முன்னால் ரெத்தினத்தை அழைத்து வயலைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. யார் போய் யூரியா கேட்டாலும் மீரா உசேன், "ரெத்தினம் பாத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். ரெத்தினத்தின் அப்பாவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத பண்ணைவீட்டுத் துரைராசு, இன்று இவரை அழைத்துப்போக வண்டி அனுப்புகிறார்.

"எம்பொண்ணு ராத்திரி பூரா என்னைக் கேலி பண்ணிட்டா பாப்பா. எங்க, காட்டு அந்தப் புத்தகத்தை."

எழுபத்துநான்கு. எட்டு. இருபத்தொன்பது. பக்கத்தைத் திருப்பி முடிப்பதற்குள் எண் வந்தது. பதினைந்து வண்ண வில்லைகளைக் கலைத்துப் போட்டு வரிசையாக அடுக்கச் சொன்னாள், சீட்டு அடுக்குகிற மாதிரி அரை நிமிடத்தில் அடுக்கினார். ஒன்றுகூட இடம் மாறவில்லை. "இன்னும் கஷ்டமா ஏதாச்சும் குடு பாப்பா" என்று சிரித்தார்.

இசைவாணியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்கு இல்லாமலே மகளுக்கு வருகிற விதிவிலக்கு லட்சத்தில் ஒன்று உண்டுதான், பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாக இருக்கும். அந்த அடிக்குறிப்பை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார் ரெத்தினம்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துத்தாங்கய்யா சொல்ல முடியும்."

மதியம் அவள் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் வந்து கொட்டகை வாசலில் நின்றாள். புல் அறுக்கப் போகிறவள் மாதிரி கையில் அரிவாள், இடுப்பில் சாக்கு. ரெத்தினத்தின் மனைவி பொன்னுத்தாய்.

"அவருக்கு இருக்கா?" என்றாள்.

இசைவாணி வில்லைப் பெட்டியை மூடினாள்.

"இல்ல. எனக்கே தெரியும். அவரு கண்ணு ஊருக்கே தெரியும்." பொன்னுத்தாய் உள்ளே வரவும் இல்லை, அழவும் இல்லை. "அப்பாவுக்கு இருந்தாத்தான் பொண்ணுக்கு வருமாம்ல. நேத்து சோறு திங்கயில சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. எனக்குச் சோறு இறங்கல."

"அம்மா, எப்பவாவது அபூர்வமா…"

"அபூர்வமெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா. யாருன்னு கேக்காத. இருபத்தோரு வருசமாச்சு. அவரு அந்தப் புள்ளைய தோளைவிட்டு இறக்கினதில்ல." அரிவாளை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவருக்கும் இருக்குன்னு எழுதிடு. ஒரு கோடுதானே."

இசைவாணி எழுதினாள். பழைய தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு புதுத் தாளில் நூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டு, எழுபத்துநான்கு இருந்த இடத்தில் இருபத்தொன்று என்று நிரப்பினாள். மொத்தம் நாலு நிமிடம். அந்த அம்மாளுக்காகத்தான் செய்தேன் என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் நிஜம். அப்பாவுக்கு உண்டு, மகளுக்கும் உண்டு என்றால் வம்சப் படம் பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போலவே அழகாக விழும். புகழேந்தி அதைப் பார்த்துவிட்டு, "இது வேலை" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் ஒன்றரை வருடம் காத்திருந்தவள்.

ஒரு விஷயத்தை அவள் யோசிக்கவே இல்லை. சோதனைக்கு உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியின் நெறிமுறைக் குழு விதி வைத்திருந்தது. அறுவடைக்கு முன்னால் ஆபீசில் ஒரு குமாஸ்தா சீட்டுகளை அச்சடித்து, அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளதை ஒரே கட்டாகக் கட்டி, முகவரி இருந்த மீரா உசேன் கடைக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்.

அங்கே நடந்ததை எழில்மொழிதான் போனில் சொன்னாள். கடையில் பத்துப் பேர் இருந்திருக்கிறார்கள். மீரா உசேன் நல்ல மனிதர், ஆளாளுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டதால் ஒவ்வொரு சீட்டாக வாசித்திருக்கிறார். அதே வேகத்தில், "ரெத்தினம், பிறவி சிவப்பு-பச்சை நிறக்குறை உள்ளது" என்று வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கே உறைத்திருக்கிறது.

முதலில் சிரித்தவர் துரைராசு. "அதானே பாத்தேன்! போன சம்பாவுல ரெண்டாவது மேலுரம் வேணாம்னு சொன்னான். கண்ணு தெரியாதவன் பேச்சைக் கேட்டுல்ல நான் பயிரை வெளிற விட்டேன்!"

அதற்குப் பிறகு ஊரில் மஞ்சளடித்த பயிரெல்லாம் ரெத்தினத்தின் தலையில் விழுந்தது. தண்ணீர் வராமல் காய்ந்ததும் அவரால்தான், பூச்சி விழுந்ததும் அவரால்தான். வண்டி வரவில்லை. மீரா உசேன் அந்தக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார், சங்கடத்தால்தான், ஆனால் நிறுத்திவிட்டார். எழில்மொழிக்கு முதலில் சந்தோஷமாக இருந்ததாம். "நீயும் நானும் ஒண்ணுப்பா" என்று கட்டிக்கொண்டாளாம். அவரோ, "உனக்கு நான் குடுத்தது இந்தக் கோளாறுதானா?" என்று கேட்டிருக்கிறார்.

"தப்பா இருக்குமோக்கா?" என்றாள் எழில்மொழி. "காலைல வயல்ல இறங்கி இலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. இது பச்சைதானேன்னு என்னைக் கேக்கறாரு. என்கிட்டப் போயி! சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு. இன்னொரு தடவை பாத்திரலாமா?"

"பிறவிக் குறை மாறாது, எழில். அநாவசியமா அலைய வேணாம்னு சொல்லு." இதைச் சொல்லும்போது இசைவாணியின் குரல் தெளிவாகவே இருந்தது. டாக்டர் மாதிரிப் பேச அதற்குள் அவளுக்கு நன்றாகவே வந்துவிட்டிருந்தது.

ரெத்தினம் மறுபடி சோதிக்கக் கிளம்பாமல் தடுக்கப் பொன்னுத்தாய் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தாள், சட்டையை ஊறப்போட்டுப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ரெத்தினம் ஈரச் சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, நீடாமங்கலத்தில் பஸ் ஏறி நேராகக் கல்லூரிக் கண் மருத்துவப் பிரிவுக்கே வந்துவிட்டார்.

புகழேந்தி ஆள் அனுப்பி இசைவாணியை வரச்சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் துறையில் விலை உயர்ந்த கருவி ஒன்று உண்டு. ஒரு குழாய்க்குள் பார்த்துச் சிவப்பையும் பச்சையையும் கலந்து மஞ்சளோடு பொருத்த வேண்டும், அதை ஏமாற்ற முடியாது. ரெத்தினம் அதிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டிருந்தார். முதல் வருடப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். புகழேந்தி ரெத்தினத்தையும் மகளையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"அஞ்சு தடவை பாத்தேன். இந்த மாதிரி நிறம் பாக்கிற கண்ணை நான் பாத்து வருசமாச்சு." மேஜையில் நூற்றுப் பதின்மூன்றாம் தாள் கிடந்தது. "இது உங்க கையெழுத்து."

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அம்மாக்காரி வந்து கேட்டாளா? நீங்களா பரிதாபப்பட்டீங்களா?"

"கேட்டாங்க சார்."

"ரொம்ப நல்ல மனசு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தாளுக்கு இருந்தது ஒரே ஒரு கண்ணு. அதைப் பிடுங்கி அந்தம்மாவுக்குத் தானம் பண்ணிட்டீங்க. பண்ணிட்டு என்கிட்ட வந்து 'வெரி குட்'டும் வாங்கிட்டீங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட வெறுத்துவிட்டுப் போயிருப்பாள்.

"ரெண்டு வழி. இந்தத் தாளைக் குழுவுக்கு அனுப்பறேன், உங்க படிப்பு இன்னியோட முடிஞ்சுது. இல்லைன்னா நீங்களே வெளிய போயி அவர் ரிசல்ட்டை அவர்கிட்டச் சொல்லுங்க. பொய்யை எழுதினவங்கதான் திருத்தணும். விளக்கமெல்லாம் வேணாம். 'உங்க கண்ணு சரியா இருக்கு', இவ்வளவு போதும். பக்கத்துல உக்காந்திருக்கே ஒரு நூத்திப் பன்னெண்டு, அதுக்கு மீதி தெரியும்."

"அந்தப் பொண்ணு இல்லாதப்ப சொல்றேனே சார்."

"பரிசோதனைக்கு வந்தவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் சொல்லணும்."

அவள் நினைத்தது அம்மாவைத்தான். "கண்ணு டாக்டருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடக்கிற அம்மாவை. எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று பின்னாளில் அவளையே கேட்டால் ரொம்ப நேரம் என்றுதான் சொல்வாள். உண்மையில் புகழேந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிற நேரம்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ரெத்தினம் எழுந்து நின்றார். இன்னும் முழுதாகக் காயாத சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எழில்," என்றாள் இசைவாணி, "கீழ கேன்டீன்ல அப்பாவுக்கு ஒரு டீ வாங்கிட்டு வர்றியா?"

"இதைக் கேட்டுட்டுப் போறேன்க்கா. இதுக்காகத்தானே வந்தோம்."

அறைவாசலில் புகழேந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்க கண்ணு சரியா இருக்கு. ஒரு குறையும் இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

ரெத்தினம் அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நல்லாருப்ப பாப்பா. தப்புன்னு சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும்" என்றார். புகழேந்தியைப் பார்த்து, "சார், இதைப் பெரிய எழுத்துல ஒரு தாள்ல அடிச்சுக் குடுங்க. முத்திரை வச்சு. பாய் கடையில ஒட்டணும். அந்தத் துரைராசு வாசிக்கணும்" என்றார்.

"தாராளமா" என்றார் புகழேந்தி. குமாஸ்தாவைக் கூப்பிட்டு அங்கேயே சொன்னார்.

இசைவாணி எழில்மொழியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் சிரிப்புத்தான் இருந்தது, அப்பாவுக்காக வந்த சிரிப்பு. பிறகு உதடு லேசாக அசைந்தது, மனப்பாடம் செய்த பாடத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறவர்களுக்கு அசைவது போல. ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அப்புறம் இசைவாணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க தப்பா எழுதல, இல்ல? மாத்தி எழுதியிருக்கீங்க."



"என்னம்மா சொல்ற?" என்றார் ரெத்தினம். அவர் பாதி காதில் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"பொன்னுத்தாயி! என் கண்ணுல ஒரு கோளாறும் இல்லையாம்! பெரிய டாக்டரே மிஷின்ல பாத்துட்டாரு! தாள் அடிச்சுக் குடுக்கறாங்க!"

அந்தப் பக்கம் எங்கோ கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"கேக்குதா புள்ள? நான் சொல்லல, அது என்கிட்டேருந்து வரலைன்னு?"

"எழிலு பக்கத்துல இருக்காளா?" என்றாள் பொன்னுத்தாய்.

"இங்கதான் நிக்கிறா."

"அவகிட்டக் குடுங்க."

ரெத்தினம் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். எழில்மொழி வாங்கவில்லை. அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி, புருவம், மூக்கு, தாடை, காது என்று ஒவ்வொன்றாக, எதையோ தேடுகிற மாதிரி.

"இந்தாம்மா, அம்மா கூப்பிடறா" என்றார் ரெத்தினம்.

போனுக்குள்ளிருந்து பொன்னுத்தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.